எது சரியான நகல்

இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே படம்தான் இருக்க வேண்டும்; இல்லை. பழையதில் அவன் மனைவியின் மடியில் மகள் உட்கார்ந்திருந்தாள். புதியதில் அதே நாற்காலி, அதே சிரிப்பு, அணைத்தபடி வளைந்த கைகள். மடி மட்டும் காலி.

குடும்பப் படங்களையெல்லாம் இரண்டு டிஸ்க்குகளில் ஒரேமாதிரி சேமித்துவைக்கும் வீட்டு சர்வரை அவன் ஆசை ஆசையாக அமைத்திருந்தான். ஊரார் தகவல்களைப் பாதுகாப்பதே பிழைப்பாக இருக்கிறவன், சொந்த வீட்டில் கோட்டை விடுவானா? ஒரு டிஸ்க் படுத்தால் இன்னொன்று, மின்சாரம் போனால் பேட்டரி, அதற்கும் ஒரு பேட்டரி. "பொண்டாட்டிக்கும் ஒரு நகல் எடுத்து வெச்சுக்கோங்க, நிம்மதியா இருக்கும்" என்பாள் மனைவி.

மழை மூட்டத்தில் மதியமே மங்கியிருந்த சின்ன சர்வர் அறையில், சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கும் விசிறியின் முனகலுக்கும் நடுவே, பழைய டிஸ்க்குக்குள் யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. புதியதில் இருந்த மற்ற படங்களைத் திறந்தான். கடற்கரையில் மணல் வீடு மட்டும். பள்ளிப் படத்தில் முன்வரிசையில் ஓர் ஆள் இடைவெளி. ஹாலில் வண்ணம் தீட்டியபடி பாடிக்கொண்டிருந்த மகள் பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, கால் ஜில்லுனு இருக்குப்பா."

"சாக்ஸ் போட்டுக்கோடா கண்ணு."

அவள் இருக்கிற டிஸ்க்கையாவது காப்பாற்றலாம் என்று பதறி, ஓடிக்கொண்டிருந்த பழையதை வெடுக்கென்று உருவினான். ஹாலில் பென்சில் சத்தம் அடங்கியது. "அப்பா..." எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குரல். உடனே டிஸ்க்கைத் திரும்பச் செருகினான்.

செருகிய பிறகுதான் உறைத்தது. வெளியே போய் வந்த டிஸ்க்கை சர்வர் நம்பாது. உள்ளேயே இருந்த புதியதுதான் சரி என்று எடுத்துக்கொண்டு, அதிலிருப்பதைப் பழையதன்மேல் எழுதிவிடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவன் சொல்லித்தருகிற பாடம்.

திரையில், எழுதி முடித்தது பன்னிரண்டு சதவீதம். நிறுத்தச் சொன்னான். நிற்கவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினான். பேட்டரி. அதைப் பிடுங்கினான். அடுத்த பேட்டரி. நாற்பது. டிஸ்க்கை இழுத்தான். அசையவில்லை. அறுபது.

ஹாலுக்கு ஓடினான்.

"அப்பா, தூக்கு."

குரல் இருந்தது. ஆள் இல்லை. கைகளை நீட்டினான். கனம் ஏறியது. இடுப்பைச் சுற்றிக் கால்கள். ஜில்லென்று. கழுத்தைச் சுற்றிக் கைகள்.

"விடமாட்டேன்டா கண்ணு. அப்பா விடவே மாட்டேன்." அவனுக்கு அழுகை பீறிட்டது.

உள்ளே சுரண்டல் நின்றது. விசிறி அடங்கியது.

மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "என்னங்க ஆச்சு? எதுக்கு அழறீங்க?"

யோசித்தான். எதற்கென்று தெரியவில்லை.

"கழுத்துல என்னமோ ஏறிக்கிச்சு. ஈரமா இருக்கு. கொஞ்சம் எடுத்து விடேன்."

அவள் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள். பிறகு இருவரும் சேர்ந்து, வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்த அதன் சின்னஞ்சிறு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கத் தொடங்கினார்கள்.