தொட்டி நிறையச் சிவப்பு

போன் அலறியது.

"நர்சக்கா! கௌதம்ராஜ் பொண்டாட்டியத் தொட்டித் தண்ணிக்குள்ள வச்சு அமுக்குதான்! அவ கத்துதா!"

செட்டியார்பட்டி துணை சுகாதார நிலையத்துக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் அழகுத்தாயின் குரல்.

நர்ஸ் கார்த்திகா துள்ளி எழுந்தாள். கௌதம்ராஜ் பொண்டாட்டி மாரீஸ்வரி... நிறைமாதக் கர்ப்பிணி!

கார்த்திகா வீட்டுக்கு முதல் பட்டதாரி. பி.எஸ்சி. நர்சிங். ஆகவே ஊரில் மற்ற எல்லோரும் முட்டாள்கள் என்பது அவள் கட்சி.

"நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க!"

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கௌதம்ராஜ் வீட்டுக் கதவு தாழிட்டிருந்தது. உதைத்தாள்.

வலித்தது கதவுக்கில்லை. அவளுக்கு!

இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் தெறித்தது.

கௌதம்ராஜ் தொழிலுக்குப் பேண்டேஜ் துணி வெளுக்கிற பெரிய தொட்டி. இடுப்பளவு வெந்நீர். உள்ளே மாரீஸ்வரி. பக்கத்தில் செல்போனோடு கௌதம்ராஜ்.

"ஏலே! என்னலே பண்ணுத?"

"வாட்டர் பர்த்து மேடம்! தண்ணிக்குள்ளயே பிரசவம்! தலை வந்துட்டு! செத்த நேரம் பொறுங்க!"

குழந்தை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"மெதுவாத் தூக்கு..."

அவன் சடாரென்று உயரத் தூக்கினான்.

பட்!

தொப்புள்கொடி அறுந்தது. தண்ணீர் சிவந்தது.

கார்த்திகா பாய்ந்தாள். குழந்தையின் வயிற்றோரம் தொங்கிய கொடி நுனியை இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்தாள்.

"இத விட்டா பிள்ளைக்கு இருக்குற ரத்தம் பூரா போயிரும்! என் பையில கொடியக் கவ்வுற க்ளாம்ப் இருக்கு, எடு!"

திறந்தான்.

"மேடம்... தயிர்சாதம்தான் இருக்கு."

அவசரத்தில் தூக்கி வந்தது சாப்பாட்டுப் பை! பட்டதாரியாம்... பட்டதாரி!

"புதுப் பேண்டேஜ் துணியக் கிழி! இங்க கட்டு! இன்னும் இறுக்கு!"

கட்டினான். ரத்தம் நின்றது.

ஆனால் குழந்தை அழவில்லை...

துண்டால் முதுகைத் தேய்த்தாள். ஒன்று... இரண்டு... மூன்று...

"வீல்ல்ல்!"

பின்னாலேயே ஓடி வந்திருந்த அழகுத்தாயிடம் குழந்தையை நீட்டினாள்.

"அழகுத்தாயக்கா, பிடிங்க! மாரிய வெளிய தூக்கணும்! தண்ணிக்குள்ள எம்புட்டு ரத்தம் போகுதுன்னு எவன் கண்டான்?"

ராஜபாளையம் ஆஸ்பத்திரியில், தாயும் பிள்ளையும் தப்பித்தார்கள் என்று டாக்டர் சொன்ன மறுநொடி, கார்த்திகா கௌதம்ராஜின் சட்டையைப் பிடித்தாள்.

"எவம்லே ஒனக்கு இதச் சொல்லிக் கொடுத்தது? அவன ஜெயில்ல தள்ளாம விட மாட்டேன்!"

அவன் தயங்கி செல்போனை நீட்டினான்.

வீடியோ. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் இரவல் வாங்கிய பால்கோவா அண்டா. அது நிறையத் தண்ணீர். அதிலிருந்து ஒரு பொம்மையைச் சடாரென்று தூக்கி, "அம்புட்டுதான்! பயமே வேண்டாம்!" என்று சிரித்தாள், வெள்ளைக் கோட்டுக்காரி.

கார்த்திகா!

காலேஜ் கடைசி வருஷம் லைக்குக்காக எடுத்தது. பொம்மைக்குக் கொடி கிடையாது என்பது அன்றைக்கு அந்த அறிவாளிக்கு உறைக்கவேயில்லை.

"ஆபத்து வந்தா என்ன செய்யணும்?" திரையில் கண்ணடித்தாள். "அது பார்ட் டூவில்!"

கௌதம்ராஜ் பரிதாபமாகக் கேட்டான். "எட்டு மாசமாக் காத்துக் கிடக்கோம் மேடம். பார்ட் டூ எப்ப போடுவீக?"

கார்த்திகா அவன் சட்டையை விட்டாள். கசங்கின இடத்தை நீவிவிட்டாள்.

"இப்பத்தாம்லே போட்டேன்... லைவ்ல!"