கடைசி வாசலில் ஒரு துணை

தாராபுரம் கோகிலவாணி டீச்சர் மாம்பழ மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக் கூடத்தில் நின்றிருந்தார். உண்மையில் அந்தப் புடவை ஈரோட்டுக் கிடங்கில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. சுவரில் இருந்த நிழலாடைக் கண்ணாடிதான் அதை டீச்சர் உடம்புக்கு அளவாகப் போர்த்தி, நடந்தால் கொசுவம் அசைகிற மாதிரி காட்டிக்கொண்டிருந்தது. பிடித்திருந்தால் ஒரு தலையசைப்புப் போதும். பணம் தானே கழிந்து புடவை கிளம்பிவிடும். டீச்சர் தலையசைக்கவில்லை. கழுத்தை இடப்பக்கம் திருப்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணாடியை அணைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டார்.

இந்தப் பதிவை ஈரோட்டு அலுவலகத்தில் நிறைமதி மூன்றாம் தடவையாக ஓட்டிப் பார்த்தாள். இப்படிக் கண்ணாடி வழியே புடவை விற்கும் கண்ணாடிக் கடையின் கடைசி வாசல், அதாவது பொறுக்கிய பொருளைப் பணம் கொடுத்து வாங்கும் இடம், அவள் பொறுப்பு. முகவரி கேட்பதை எடுத்தாள், கடவுச்சொல்லை எடுத்தாள், பொத்தான்களையும் எடுத்தாள். எண்ணெய் தடவின வாழைத்தண்டு மாதிரி வழுக்கும் வாசல் அது. அப்படியும் முக்கால்வாசிப் பேர் அங்கே வந்து திரும்பிப் போனார்கள்.

முதலாளி சென்னியப்பன் நல்லவர்தான், ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

"கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டமாட்டேங்குதே அம்மணி. தீபாவளிக்கும் இப்படியே போச்சுன்னா கண்ணாடிக் கடைய மூடிப்போடறேன். என்ற பழைய ஜவுளிக்கடையே எனக்குப் போதும்."

மூடினால் அவளும் அவளோடு இருக்கிற அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நிறைமதி மற்ற பதிவுகளையும் வரிசையாக ஓட்டினாள். பவானிக்காரி கழுத்தைத் திருப்பினாள். காங்கேயத்து மருமகள் திருப்பினாள். வாங்காமல் போன அத்தனை பேரும் தலையசைக்கிற நொடியில் பக்கத்தில் பார்த்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இது தெரியாமலா இத்தனை நாள் வாசலை இழைத்துக்கொண்டிருந்தோம்! நம் ஊரில் எந்தப் பெண் தனியாகப் போய்ப் புடவை எடுத்திருக்கிறாள்? அக்காவோ நாத்தனாரோ எதிர்வீட்டுக்காரியோ கூட வருவாள். "இது உனக்கு எடுப்பா இருக்குது, எடுத்துக்கோ" என்று அவள் சொன்ன பிறகுதான் பை திறக்கும். உலகத்துப் பொறியாளர்கள் எல்லாம் வாசலில் எதை எடுக்கலாம் என்று தேடினார்கள். எதை வைக்கலாம் என்று தேடியவள் நம் நிறைமதி ஒருத்திதான்.

ஆடித் தள்ளுபடி முழுக்க, சென்னியப்பனின் பழைய கடையில், வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்தாள். வாங்க வந்தவர்களின் பேச்சை விட்டுவிட்டு, கூட வந்தவர்களின் பேச்சை மட்டும் வடித்தெடுத்து, கடையின் பழைய விற்பனைக் கணக்கோடு இயந்திர மூளைக்கு ஊட்டினாள். படியேறுவதிலிருந்து பையோடு படியிறங்குவது வரை ஒரு வார்த்தை வெட்டவில்லை. கண்ணாடி முன் நிற்பவருக்குப் பக்கத்திலிருந்து பேசும் துணைக்குரல் பிறந்தது.

முதல் சோதனைக்கு டீச்சரே தன் வீட்டுக் கண்ணாடி முன் வந்தார். அதே மஞ்சள். கழுத்து இடப்பக்கம் திரும்பியது.

"வேண்டாமுங்க டீச்சர்," என்றது குரல். "இதே மஞ்சள் போன பொங்கலுக்கு நம்மகிட்ட எடுத்தீங்க. பீரோவுல தூங்குது."

ஈரோட்டில் நிறைமதிக்குப் பின்னால் நின்று பார்த்த சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாவாரத்துக்கு வெச்ச ஆளு வேண்டாம்னு சொல்லுது! அந்த வார்த்தைய அறுத்துப் போடு அம்மணி!"

"கொஞ்சம் பொறுங்கண்ணா. வேண்டாம்னே சொல்லத் தெரியாதவள யாராவது கடைக்குக் கூட்டிட்டுப் போவாங்களா?"

கண்ணாடியில் டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். "அட, ஆமா! அப்ப அந்த மயில்கழுத்து?"

"அது எடுப்பா இருக்குதுங்க. கல்யாணத்துக்கும் ஆகும், ஸ்கூலுக்கும் ஆகும்."

டீச்சர் தலையசைத்தார்.

தீபாவளிக்குள் கிடங்கு காலியானது. கண்ணாடிக் கடையை மூடும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. பொய் சொல்லாத ஒரு குரலுக்காகச் சனங்கள் தவம் கிடந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்படி ஒன்றைச் செய்த கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. தை மாதத்தில் ஈரோட்டு அலுவலகத்துக்கே பொட்டலங்கள் வரத் தொடங்கின. பெறுநர் பெயர்: துணைக்குரல். பிரித்தால் புடவை. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒரு வாடிக்கையாளர் பணம் கட்டியிருந்தார்.

நிறைமதி பதிவை ஓட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள். கூட வந்தவளை வெறுங்கையோடு அனுப்புவது நம் வழக்கம் இல்லை. அந்தப் பாடத்தையும் அவள்தான், படியிறங்குவது வரை வெட்டாமல், ஊட்டியிருக்கிறாள். வாங்கி முடித்ததும் குரல் வேறொரு புடவையைக் காட்டி, "இந்தக் கலரும் நல்லாத்தான் இருக்குதில்லீங்க?" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தது. அவ்வளவுதான். அந்த மௌனத்தை யாராலும் தாங்க முடியவில்லை. "உனக்கும் ஒண்ணு எடுத்துக்க கண்ணு" என்று தலையசைத்தார்கள்.

"ஒருத்தி வந்தா ரெண்டு யாவாரம்!" சென்னியப்பன் குதித்தார். "கை வெச்சிறாத அம்மணி!"

சந்தோஷம் மாசி வரைதான் நீடித்தது. டீச்சர் அடுத்த தடவை வந்தபோது முதலில் கேட்டதே இதைத்தான்: "நா எடுத்துக் குடுத்தத கட்டிப் பாத்தியா கண்ணு?"

துணைக்குரலுக்குப் பொய் வராது. "இல்லீங்க டீச்சர். கட்டறதுக்கு எனக்கு உடம்பு இல்லீங்க."

அது டீச்சருக்குத் தெரியாததா என்ன? தெரிந்துதான் வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் முகம் வாடிவிட்டது. அன்றைக்கு எதுவும் எடுக்கவில்லை. அந்த வாரத்தில் எல்லா ஊர்களிலும் இதே கதை நடந்து, கடைசி வாசலில் மறுபடியும் கூட்டம் திரும்பிப் போனது.

வழி சொன்னது துணைக்குரல்தான். "எனக்காக யாராச்சும் கட்டிக் காட்டுனாப் போதும் அம்மணி. நிழலாடை ஆகாது, அது வெறும் நிழல். நெசமாவே கட்டோணும்."

இப்போது அலுவலகத்தின் ஓர் அறையில் பெரிய கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதன் முன் கட்டி நிற்பது, வாங்கிக் கொடுத்தவர்களின் வீட்டுக் கண்ணாடியில் தெரியும். முறைவைத்து எல்லாரும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இன்று நிறைமதியின் முறை. அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத பாசிப்பச்சை, டீச்சர் எடுத்துக் கொடுத்தது.

"தலைப்ப இன்னுங் கொஞ்சம் எறக்கு அம்மணி. ம், திரும்பு."

திரும்பினாள். கண்ணாடியில் பார்த்தாள். பிறகு தன்னை அறியாமல் கழுத்தை இடப்பக்கம் திருப்பினாள்.

"எனக்கு நல்லா இருக்குதா?"

உலகத்திலேயே மிக நேர்மையான குரல் ஒரு கணம் யோசித்தது. அதற்கு அந்த நேர்மையைக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

"உனக்கு நல்லா இல்ல அம்மணி," என்றது. "எனக்கு ரொம்ப நல்லா இருக்குது. அசையாம நில்லு, டீச்சர் வந்துட்டாங்க."