ஆர்லோவின் நாணயம்

வெண்டல் நாணயத்தைக் கைதவறிக் கீழே போட்டது ஒருமுறைதான். சத்தம் இரண்டுமுறை கேட்டது.

ஒன்று அடுக்களைத் தரையில், அவர் காலடியில். இன்னொன்று சற்றுத் தாமதமாக, விளக்குப் போடாத கூடத்திலிருந்து, மரத்தின் மேல் யாரோ பித்தளையை வைத்ததுபோல. மாலை ஐந்து மணிதான். ஆனால் வடக்கு டகோட்டாவின் ஜனவரியில் அதற்குள் இருட்டிவிடும். வெளியே பனிப்புயல் சுவரை உரசிக்கொண்டு போனது, வீட்டைச் சூடாக்கும் காற்று தகரக் குழாய்களில் முனகியது, அடிப்பிடித்த சூப்பின் வாடை எங்கும் நின்றது. சூட்டில் குழாய் விரிந்திருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு நாணயத்தை எடுத்தார். ஒரு பக்கம் சரக்கு விமானம், மறுபக்கம் பாலைவனமும் 1991 என்ற வருடமும். வளைகுடாப் போருக்குப் போன அவர்கள் ஆறு பேருக்காக அடித்தது. விளிம்பில் ஆளுக்கொரு எண். இதில் ஐந்து. வெண்டலுடைய எண் நான்கு.

தொலைபேசி ஒலித்தது. ஜொலீன். அந்த ஆறு பேரில் ஒருவராக இருந்து போன வருடம் செத்துப்போன ஆர்லோவுடைய மனைவி. ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். வெண்டலைக் கூப்பிட வேறு யாருமில்லை.

"உயிரோட இருக்கீங்களா, விறைச்சுப் போயிட்டீங்களா?"

"இருக்கேன். சூப்பைத்தான் கருக்கிட்டேன்."

"விமானத்தையே கழட்டி மாட்டின ஆளு, ஒரு சூப்பைப் பார்த்துக்கத் தெரியல." சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. "வெண்டல், பெட்டியை மூடறதுக்கு முன்னாடி ஆர்லோ காயினை உங்ககிட்ட கொடுத்தேனே, அவர் பையில வச்சீங்கல்ல? ஒருத்தன் காயினை எடுத்து வச்சா எல்லாரும் வைக்கணும், இல்லாதவன் எல்லாருக்கும் பீர் வாங்கணும்னு சொல்லியே என் உயிரை எடுத்த மனுஷன். அங்க போயி வெறுங்கையோட நிக்கக் கூடாது பாருங்க."

தன்னுடையதை எங்கோ தொலைத்துவிட்டதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பழைய விமானப்படைக்காரர்கள் முன் வெறுங்கையாக நிற்கக் கூசியது. அன்று சவப்பெட்டியின் மேல் குனிந்து, வைப்பதுபோல் பாவனை செய்து, ஆர்லோவின் நாணயத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டார். இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த ஞாயிறு இந்த மணி அடிக்காது.

"வச்சேன்" என்றார்.

"நல்லது. கதவைப் பூட்டி வச்சுக்குங்க."

அவர் தொலைபேசியை வைத்தபோது கூடத்தில் இரண்டாவது நாணயம் விழுந்தது.

நாணயம் தவறி விழுந்தாலும் அது அழைப்புத்தான். கேட்டவர்கள் எல்லோரும் தங்களுடையதை எடுத்து வைத்தாக வேண்டும். முப்பது வருடத்துக்கும் மேலாக அவர்கள் மீறாத விதி. மற்ற நால்வரின் சவப்பெட்டிகளையும் தூக்கியவர் அவர். நால்வருடைய பையிலும் நாணயம் இருந்தது.

மூன்றாவது.

விமான எரிபொருளின் வாடை. ஈர மண்ணின் வாடை.

நான்காவது.

அப்புறம் ஒன்றுமில்லை. காத்திருந்தார்கள்.

கால் தானாக நடந்தது. அடுக்களை வெளிச்சம் கூடத்து மேசையின் விளிம்பு வரைதான் எட்டியது. அங்கே கைகள் மட்டும் தெரிந்தன. நான்கு கைகள். நான்கு நாணயங்கள். ஐந்தாவது கை காலியாக விரிந்திருந்தது.

"ஆர்லோ, உன்னோடதுப்பா. எடுத்துக்கோ."

அந்த உள்ளங்கையில் வைத்தார். கை சரிந்தது. நாணயம் உருண்டு இருட்டுக்குள் போனது. அதை யாரும் தேடவில்லை. நகத்தில் மண் அப்பிய அந்த விரல்கள் வெண்டலின் மணிக்கட்டைச் சுற்றின. குளிர். ஆர்லோவை அடக்கம் செய்ததிலிருந்து பதினோரு மாதமாக எந்த மனிதனும் அவரைத் தொட்டதில்லை. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த ஆறாவது நாற்காலி, அவருக்காக, மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.