நூற்றுக்கு நூறு

“பதினாலாவதுக்கு?”

“நீலப் பந்தும்மா.”

“பதினஞ்சு?”

“மூணு கதவு.”

“அவ்வளவுதான்டி. அது என்ன கேட்டாலும் நீ பாட்டுக்கு வரிசையாச் சொல்லிக்கிட்டே போ.”

கோமளா மகள் தாரணியின் தலையைக் கோதிவிட்டாள். செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் ஏழு வயதான எல்லாக் குழந்தைகளையும் செவியாய்வி என்னும் இயந்திரம் சோதிக்கும். அதன் கேள்விகள் பெற்றோர் குழுவில் ஒரு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

தாரணியின் காதில் பழுதில்லை. படுக்கையறையின் அமைதியில் கிசுகிசுத்தால்கூடப் பதில் சொல்வாள். குடியிருப்புக்கு மூச்சுக்காற்றைத் தள்ளும் காற்றுந்திகள் இரையும் உந்திக்கூடத்துக்கு வந்துவிட்டால் அதே பேச்சு அவள் மூளைக்குள் பிரிபடாமல் குழம்பிவிடும். “என்னம்மா?” என்று மூன்று முறை கேட்பாள். பிறகு உதடுகளைப் பார்ப்பாள். கடைசியில், புரிந்ததுபோல் தலையாட்டுவாள். கவனமில்லாத பிள்ளை என்றார் ஆசிரியை. குறையுள்ள பிள்ளை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் கோமளாவின் கவலை.

செவியாய்வி கால் மணி நேரம் இரைச்சலை ஒலிக்கவிட்டு, அதற்கு நடுவே கேள்விகளைக் கேட்டது. தாரணி ஒன்றில்கூடத் தவறவில்லை.

“நூற்றுக்கு நூறு. உந்திக்கூடத்து வகுப்பில் இடம் ஒதுக்கியாயிற்று.”

கோமளாவின் சிரிப்பு பாதியில் நின்றது. “அமைதி வகுப்புன்னு ஒண்ணு இருக்குன்னாங்களே, சார்?”

“அது இரைச்சலில் பேச்சைப் பிரித்தறிய முடியாத குழந்தைகளுக்கு. அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை. ஆசிரியர் குரலை மட்டும் காதில் சேர்க்கும் கருவியும் தருவோம். உங்கள் மகளுக்கு அது தேவையில்லை.”

“கூடத்துல காத்து கசிஞ்சா?”

“எந்த வாசலுக்கு ஓட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள்.”

கோமளா மகளைப் பார்த்தாள். தாரணி செவியாய்வியின் முகத்தில் உதடுகளைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்கு உதடுகள் இல்லை.

“எல்லாம் மனப்பாடம், சார். நான்தான் சொல்லிக் குடுத்தேன். இன்னொரு தடவ சோதிச்சுப் பாருங்க.”

“தோற்றவர்களுக்குத்தான் மறுசோதனை. முழு மதிப்பெண்ணைச் சந்தேகிக்கும்படி மனிதர்கள் எனக்கு விதி எழுதவில்லை.”

அடுத்த குழந்தையின் பெயர் திரையில் ஒளிர்ந்தது. வாசலில் ஒரு தாய் தன் மகனின் காதருகே குனிந்து எதையோ ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

கோமளா நாற்காலியை விட்டு எழவில்லை.

“என் பொண்ணுக்குக் குறை இருக்குன்னு எழுதிக் குடுங்க, சார்.”