ஐந்தாம் எண் கதவு

தொலைபேசி அலறியது.

மரே ஆற்றங்கரை ஊரின் குடும்ப நல அலுவலகம். காலை ஒன்பது மணி. அலுவலர் ரெனாட்டா எடுத்தாள்.

"சார்ஜன்ட் டாயல் பேசுறேன். டேரில் சிக்கிட்டான். கையில கோடாரி."

டேரில்... மனைவி டீகனையும் ஐந்து வயது மகள் ஐலாவையும் கொல்வேன் எனச் சூளுரைத்து, கூற்றுவனைப் போல் தேடித் திரிந்தவன்.

"எந்தக் கதவை ஒடைச்சான்?"

"அஞ்சு. உள்ள எங்க ஆளுங்க டீ குடிச்சிட்டிருந்தாங்க. டீகன் எங்க?"

"பத்திரமா இருக்கா. எங்கன்னு உங்களுக்கும் வேணாம்."

"அதுவும் சரிதான். அஞ்சு யாருக்குக் குடுத்தீங்க?"

"நேர்ல வாங்க. காட்டுறேன்."

வைத்தாள்.

எதிரே, குழந்தைகள் மருத்துவமனையின் மூத்த செவிலி க்ளெனிஸ், தேங்காய்த் துருவல் தூவிய லாமிங்டன் கேக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

"பள்ளிக்கூடம், வீட்டு வசதி ஆபீஸ், நீங்க... மூணு பேரும் டீகன் விலாசம் கேட்டீங்க."

"புள்ளைங்க நல்லதுக்குத் தகவலைப் பகிரச் சொல்லி சட்டமே இருக்கு. நீதான் கஞ்சம்."

"போலீஸ் சொல்லி, ஆளுக்கொரு விலாசம் குடுத்தேன். ஒரே தெரு. மூணு காலி வீடு. பள்ளிக்கூடத்துக்கு மூணாம் நம்பர். வீட்டு வசதிக்கு ஏழு."

கேக் தட்டில் விழுந்தது.

"உங்களுக்கு அஞ்சு."



"பெத்த அப்பன், ரெனாட்டா. புள்ள முகத்தை ஒரு தடவை பாக்கணும்னு அழுதான். மனசு கேக்கல."

"கோடாரி எடுத்துட்டுப் போய்த்தான் முகம் பாப்பாங்களா?"



ரெனாட்டா குனிந்தாள். குரல் தாழ்ந்தது.

"போன வருஷம் எங்கக்கா ஒளிஞ்சிருந்த வீட்டையும் அவ புருஷன் கண்டுபிடிச்சான். அவனும் உங்ககிட்ட அழுதானா?"

க்ளெனிஸின் தலை கவிழ்ந்தது. மறுமொழி அதுவே.

அக்காவின் சவப்பெட்டி மேல் முதல் மலர்வளையம் வைத்தவள் இவள்தான்! அன்று தொட்டு ரெனாட்டாவின் நெஞ்சில் அவியாது கனன்ற வஞ்சினம், இன்று தன் இலக்கைக் கண்டது.

படியேறும் பூட்ஸ் ஒலி.

"யார் யார்கிட்ட என் பேரைச் சொல்லப்போற?" க்ளெனிஸ் எழுந்தாள்.

கதவைத் திறந்துவிட்டாள் ரெனாட்டா. வாசலில் டாயல்.

"இவர்கிட்ட மட்டும். தேவையில்லாத யாருக்கும் சொல்ல மாட்டேன்... நான்தான் கஞ்சமாச்சே."