செம்பாக்கத்தில் காணாமல் போன இருநூறு பலகைகள்

எப்சி டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழாமலே ஒரு நாலு மாடிக் கட்டிடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். உள்ளே ஒளிந்திருந்த பொய் மட்டும் கீழே விழுந்தது. அதுவும் டீ ஆறுவதற்குள். எஸ்.ஐ. ராஜகோபால் மட்டும் கடைசிவரை நம்பவில்லை.

காலை 9.10. செம்பாக்கம், புதுக் குடியிருப்பின் மொட்டை மாடி. ஈரம் காயாத தட்டோடுகளின் மேல், நாற்காலியில் இருந்த டீச்சரைத் தவிர, எல்லோரும் நின்றார்கள். ஸ்டோர் ரூம் பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே இருக்க வேண்டிய இருநூறு வெப்பத் தடுப்புப் பலகைகள் இல்லை. புது வீடுகளின் கூரையில், ஓட்டுக்கு அடியில், அவற்றைப் பதிக்க வேண்டும் என்பது விதி. பதினொரு மணிக்குப் பரிசோதனை அதிகாரி வருகிறார்.

சாவி இரண்டு. ஒன்று பில்டர் வைத்தீஸ்வரனிடம். மற்றொன்று நேற்று மாலைதான் காவல்காரி கிளியம்மாள் கைக்கு வந்தது.

"திருட்டுன்னு எஃப்.ஐ.ஆர். போடுங்க சார். அதைக் காட்டினா எனக்கு டைம் தருவாங்க. இவ ஒப்புக்கிட்டு கையெழுத்து போட்டா போதும்," என்றார் வைத்தீஸ்வரன்.

"போட மாட்டேன். ஜெயிலுக்கே இட்டுகினு போ, அங்கயும் போட மாட்டேன்," என்றாள் கிளியம்மாள்.

மேல்மாடி வீட்டை வாங்கியிருந்த இயற்பியல் ஆசிரியை எப்சி, வைத்தீஸ்வரன் கையிலிருந்த மாதிரி நுரைப் பலகையைக் கேட்டு வாங்கினார். காற்று அடித்தது. மடியிலிருந்து பறந்த பலகை ஊரப்பாக்கம் வரை போயிருக்கும், எஸ்.ஐ.யின் தொப்பை தடுத்தது.

9.16. "கிளியம்மா, பலகையெல்லாம் எப்படி மேல வந்துச்சு?"

"செவ்வாக்கெழம எட்டு ஆளுங்க தூக்கிகினு வந்தாங்கம்மா, தார்ப்பாயில சுத்தி. பாரம் அழுத்தாம இருக்க தலையில சும்மாடு வேற. மாடிக்கு மாடி குந்தி மூச்சு வாங்குனாங்க. தண்ணி குடுத்தே என் கை ஓஞ்சிபோச்சு."

9.19. டீச்சர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "காத்துல பறக்குற பலகைக்கு சும்மாடு எதுக்கு சார்?"

எஸ்.ஐ. சிரித்தார். "சும்மாட வச்சு கேஸா டீச்சர்? கோர்ட்டுல சிரிப்பாங்க."

"சரி, உங்க பூட்ஸுக்குக் கீழ பாருங்க. பலகை அடியில, ஓடு மேல. ஓடு பதிச்சாச்சு. அப்புறம் பலகை ரூம்ல எதுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு? தார்ப்பாய்க்குள்ள வந்ததே இந்த ஓடுதான். பலகை வரவே இல்ல. வராத சாமான யார் சார் திருட முடியும்? குத்தவாளி வைத்தீஸ்வரன் சார்தான்."

எஸ்.ஐ. சுமை தூக்கும் ஆட்களின் மேஸ்திரி தயாளனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது. "பலகையா? ஓடு சார். கழுத்து இன்னும் நிமிரல."

வைத்தீஸ்வரன் மசியவில்லை. "முப்பது வருஷமா கட்றேன். எந்த வீட்டுக் கூரையும் உருகி ஊத்தல. சுட்டா ஏசி போட்டுக்கட்டும். இதுக்கு ஒரு சட்டமா?"

"அந்தக் கூரைக்குக் கீழ தூங்கப்போறது நான். ஓட்டைப் பேர்த்துப் பலகை பதிக்கிற வரைக்கும் வீட்டுச் சாவிய வாங்க மாட்டேன்."

தன் பேரில் தயாராக எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தைக் கிளியம்மாள் எடுத்து நாலாகக் கிழித்தாள். எஸ்.ஐ. தடுக்கவில்லை. அவர் இன்ஸ்பெக்டரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார், வாட்ச்வுமன் இல்ல, பில்டரு... டீச்சர்தான் சார் கண்டுபுடிச்சாங்க. நாற்காலிய விட்டு எழுந்திருக்கவே இல்ல... நானும்தான் நம்பல சார். ஆனா என் கண்ணு முன்னாடியே நடந்துச்சு."