சும்மாக் குழி

சாகக்கூடாத குழியில் எல்லாம் செத்துக் கிடந்தன.

மதியச் சாப்பாட்டு நேரம். உறுப்பு மாற்று ஆய்வகத்தில் குளிர்பெட்டியின் உறுமலும், மூக்கை அறுக்கும் ஸ்பிரிட் வாடையும், நுண்ணோக்கியில் கண்ணைப் புதைத்த அவளும்தான். ஐந்து வருடமாக அங்கே ஆராய்ச்சி உதவியாளர். நாளைக் காலை தன் சிறுநீரகம் ஒன்றை அண்ணனுக்குக் கொடுக்கப்போகிறவள். சொந்தக்காரர் சோதனையைத் தொடக்கூடாது என்பது விதி. முடிவு மாலையில் வரும் என்றார்கள். பொறுக்கமாட்டாமல் திருட்டுத்தனமாகத் தானே ஒரு சோதனைத் தட்டு வைத்துவிட்டாள்.

தட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். முதல் குழியில் அண்ணன் ரத்தத்தின் தெளிநீரான சீரம், அதில் இவளுடைய ரத்த அணுக்கள். உயிருள்ளவை மினுங்கும், செத்தவை சாயத்தைக் குடித்து உப்பிக் கறுக்கும். அத்தனையும் மினுங்கின. அண்ணன் உடம்பு இவளை ஏற்றுக்கொண்டது. அழுகையே வந்துவிட்டது.

அடுத்தது சும்மாக் குழி. இவள் சீரத்தில் இவள் அணுக்களே. ஒப்பிட்டுப் பார்க்க வெளியாளைத் தேட அங்கே யாருக்கும் பொழுதில்லை. ரத்தத்துக்குச் சோதனை செய்பவரின் கைதான் இளிச்சவாய்க் கை. ஐந்து வருடத்தில் அதில் பெரிதாக எதுவும் செத்ததில்லை. இன்று ஒன்றும் பிழைக்கவில்லை.

ரத்தம் எடுக்கும் அக்கா கை துடைத்தபடி வந்தாள்.

"அக்கா, இன்னொரு குழாய் எடுங்களேன்."

"காலைலதானடி எடுத்தேன்? என்னைக் கொசுன்னு நினைச்சியா?"

"சும்மாக் குழி செத்துப்போச்சு."

"உனக்கே உன்னைப் பிடிக்கலையோ என்னவோ!" சிரித்துக்கொண்டே குத்தினாள். சிரிப்பு நின்றது. "என்னடி, கை இப்படிக் கொதிக்குது? இரு, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்."

இவள் காத்திருக்கவில்லை. புது ரத்தம், புதுத் தட்டு. முதல்முறை ஒரு மணிநேரம் பிடித்தது. இப்போது கண்ணெதிரே. ஒன்று கறுத்தது. பக்கத்தில் ஒன்று. பிறகு கூட்டமாக. அண்ணன் குழியில் மட்டும் எல்லாம் சௌக்கியமாக மினுங்கின.

கைப்பேசி அடித்தது. அண்ணன்.

"என்ன குட்டி, சேருமா? உன் கிட்னியும் உன்னை மாதிரியே அடம்பிடிக்குமா?"

"சேரும்ணே. உங்கிட்ட நல்லா இருக்கும்."

"நீ?"

அவள் தட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் சிவந்து, வீங்கி, பளபளத்தன. வலி இல்லை. கட்டைவிரல் நகம் மெல்ல நிமிர்ந்தது. நழுவியது. தட்டின் மேல் டிக்கென்று விழுந்தது. அடுத்த விரலில், தோல் ஓரத்திலிருந்து சுருளத் தொடங்கியது.